வலது நுரையீரல் ஒப்பந்தம்

தன் நெஞ்சுக்குள் குடியிருந்த புற்றுநோயை எதிரே உட்காரவைத்து, பேரம் பேசி, ஒப்பந்தம் போட்டு, மரியாதையாக அடக்கிவைத்திருக்கும் ஒரே மனிதர் இந்தப் பூமியில் தான்தான் என்று குழந்தைவேலு சொல்லுவார். சொல்லுவார் என்பதுகூடப் பத்தாது. அறிவிப்பார். சிங்காநல்லூர் குளக்கரையில் காலை நடை போகிற கும்பலுக்கு இந்த அறிவிப்பு இல்லாமல் ஒரு நாளும் விடிந்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் நாரைகள் மறு வருஷம் தங்கள் குஞ்சுகளையும் இதைக் கேட்பதற்காகவே கூட்டிக்கொண்டு வந்தன என்று அவர் சொல்வதை மட்டும் நாம் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொள்ளலாம்.

கேட்பவர்களில் சிலர் வாயைப் பிளப்பார்கள், சிலர் சிரிப்பார்கள். ஒரே ஒருத்தர் மட்டும் தோளில் கிடக்கும் சிவப்புத் துண்டை உதறிவிட்டு, "அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலீங்க" என்பார். அவர் தோழர் மாரப்பன். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பேச்சுவார்த்தை நடந்த அறைக்குள் இருந்த ஒரே வெளியாள் அவர்தான்.

குழந்தைவேலு பூவாத்தாள் மில்லில் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். மாரப்பன் அதே மில்லில் தொழிற்சங்கத் தலைவர். முப்பது வருஷம் ஒரே மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து முறைத்துக்கொண்டவர்கள். அவரவர் சம்சாரத்தின் முகத்தைவிட எதிராளியின் முகத்தை அதிகம் பார்த்தவர்கள். அந்த முப்பது வருஷத்தில் குழந்தைவேலு சொன்ன ஒன்றையாவது மாரப்பன் ஆமாம் என்று ஒத்துக்கொண்டதில்லை. ஒருநாள் பேச்சுவார்த்தைக்கு நடுவே, "வெளிய நல்ல மழைங்க தலைவரே" என்று குழந்தைவேலு சொன்னாராம். தொப்பலாக நனைந்த சட்டையோடு எதிரே உட்கார்ந்திருந்த மாரப்பன், "அது நிர்வாகத்தோட கருத்து" என்றாராம்.

விஷயம் இருமலில் ஆரம்பித்தது. வலது நுரையீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. குழந்தைவேலு அதைச் சொல்லும்போது பரங்கிக்காய் அளவு என்பார். சாதாரண மருந்துகள் கைவிட்ட பிறகு, அவினாசி சாலையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் டாக்டர் நஸ்ரினிடம் அவர் போய்ச் சேர்ந்தார். நஸ்ரினுக்கு மூலக்கூறுகளைத் தவிர வேறு சொந்தபந்தம் இல்லையோ என்று தோன்றும்படி அந்தப் பெண் ஆய்வகத்திலேயே குடியிருந்தாள்.

"புற்றுநோய் செல்லுக்கு வாய் கிடையாது சார்" என்றாள் நஸ்ரின். "ஆனா ஒண்ணுக்கொண்ணு ஓயாம பொட்டலம் அனுப்பிக்கும். கொழுப்புல சுத்தின துளியூண்டு பொட்டலம். உள்ள புரதம் இருக்கும், ஆர்.என்.ஏ. இருக்கும். இந்தப் பக்கம் ரத்தக்குழாய் போட்டுத் தா, மருந்து வருது பதுங்கிக்கோ, கல்லீரல் பக்கம் இடம் காலியா இருக்கு வா... இப்படி எதையாவது சொல்லிக்கிட்டே இருக்கும்."

"அம்மணி, இது எங்க மில் கேண்டீன் மாதிரியல்ல இருக்குது" என்றார் குழந்தைவேலு.

"அதேதான் சார். நான் அங்க ஒட்டுக்கேக்க ஒரு ஆள் வைக்கப் போறேன்."

ஆள் என்றால் ஆள் அல்ல. புளியங்கொட்டை அளவில் ஒரு கருவி. அதைக் கட்டிக்குப் பக்கத்தில் பதித்தார்கள். போகிற வருகிற பொட்டலங்களை அது படிக்கும். மேசைமேல் இருக்கும் பெட்டி, நோயாளி பக்கத்து அறையில் இருந்தாலும், அதைக் கம்பியில்லாமல் வாங்கி மனிதப் பேச்சாக்கிச் சொல்லும். நாம் பதில் சொன்னால் அது ஒரு மூலக்கூறாக மாறி உள்ளே போகும்; மருந்துத் துளியாகப் போவதற்கு மட்டும் நஸ்ரினின் ஒப்புதல் வேண்டும். மொழி மட்டும் நோயாளியிடமிருந்து கற்றுக்கொண்டது. முதலில் சில வாரம் குழந்தைவேலு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. உலகத்தில் அவருக்கு இதைவிட இனிப்பான வைத்தியத்தை யாரும் எழுதிக்கொடுத்ததில்லை. பெட்டிக்கே தலைவலி வந்து நஸ்ரின் அதற்கு ஒரு நாள் விடுப்பு கொடுத்ததாகக் கேள்வி.

"எனக்கு முன்னாடி இதுல பேசினவங்க ஆரு?"

"ஒரு பாட்டு டீச்சர். அவங்க கட்டி எல்லாத்தையும் இழுத்து இழுத்துச் சொல்லும். அப்புறம் ஒரு கோர்ட் குமாஸ்தா. அவரோடது வாய்தா கேட்டுக்கிட்டே இருந்தது."

குழந்தைவேலுவின் கட்டி வாய் திறந்த அன்று அறையே அதிர்ந்தது. "தோழர்களே! ரத்தம் எங்கள் உரிமை! கல்லீரல் நோக்கிப் புறப்படுவோம்!"

நஸ்ரின் தண்ணீர் குடித்தாள். குழந்தைவேலுவின் முகத்தில், வேலையில்லாமல் இருந்தவனுக்கு வேலை கிடைத்த பளபளப்பு. "அட, நம்ம ஆளுக!" என்றார்.

பெட்டியைக் கூர்ந்து கேட்டால் உள்ளே இரண்டு கூட்டம் இருந்தது. ஒன்று சத்தம் போடுகிற கூட்டம். அதற்கு மருந்து ஏறாது. இன்னொன்று சாது. மருந்துக்குப் பணிந்து போகும். குழந்தைவேலு தன் முப்பது வருஷ அனுபவத்தை மொத்தமாக இறக்கினார். பணிகிறவர்களை முதலில் அனுப்பிவிட வேண்டும், ஆள் குறைந்தால் மிச்சப் பேரின் தொண்டை தானே வற்றும். முழு அளவு மருந்து. அது எல்லா மருத்துவமனையிலும் உள்ள நடைமுறைதான் என்பதால் நஸ்ரினும் தலையாட்டினாள். கட்டி நெல்லிக்காய் அளவுக்குச் சுருங்கியது. குளக்கரைக்கே மைசூர்பாகு வழங்கப்பட்டது. நாரைகளுக்கும் கொடுத்தேன் என்பார்.

மைசூர்பாகின் நெய் கையிலிருந்து போவதற்குள் அடுத்த ஸ்கேன் வந்தது. நெல்லிக்காய் மறுபடி எலுமிச்சையாகி, அதையும் தாண்டிக்கொண்டிருந்தது. இப்போது பெட்டியில் சாதுக்களின் குரல் மூலையில் முனகலாகக் கேட்டது. மற்றதெல்லாம் கல்லீரல், கல்லீரல் என்ற கோஷம்.

அன்றைக்கு மட்டும் குளக்கரையில் குழந்தைவேலு ஒன்றும் அறிவிக்கவில்லை. வாயை மூடினால் தன் மூச்சின் இரைச்சல் தனக்கே கேட்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் நடந்துவந்த மாரப்பனுக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை.

"என்னுங்க மேனேஜரு, சங்கு ஊதாம மில்லு ஓடுது?"

குழந்தைவேலு சொன்னார். முழுவதையும், மிகையே இல்லாமல் சொன்னார். மாரப்பன் நின்றுவிட்டார்.

"மில்லுலயும் இதயேதானுங்க பண்ணுனீங்க" என்றார். "சொன்ன பேச்சு கேக்கறவனுக்கெல்லாம் வி.ஆர்.எஸ். குடுத்து ஊட்டுக்கு அனுப்பிச்சீங்க. கேக்காதவங்க நாங்க மட்டும் மிஞ்சுனோம். பொறவு ஆருகூடப் பேசறதுன்னு தெரியாம முழிச்சீங்க. இப்ப நெஞ்சுக்குள்ளயும் அதே சோலி. கட்டி எங்கீங்க பேசுது? நீங்க பேசறதுதான் பொட்டியில திரும்பி வருது. அந்த முட்டாள்தனம் உங்களுதுதான், சந்தேகமே இல்ல."

மறுநாள் குழந்தைவேலு அவரைக் கையோடு ஆய்வகத்துக்கு இழுத்துப் போனார். மாரப்பன் திட்டியதை நஸ்ரின் சிரிக்காமல் கேட்டாள்.

"இவர் சொல்றது எங்க புத்தகத்துலயே இருக்கு சார். மருந்தை எதிர்க்கிற செல்லுக்கு அந்தச் சண்டைக்கே பாதிச் சாப்பாடு செலவாகும். மருந்து இல்லாதப்போ சாது செல் அதைவிட வேகமா சாப்பிட்டு இடத்தைப் பிடிச்சுக்கும். அதனால எல்லாத்தையும் கொல்லாம, சாதுவைக் கொஞ்சம் வாழவிட்டா, அதுவே மத்ததை அடக்கி வெச்சிருக்கும். எப்ப நிறுத்தணும், எப்ப குடுக்கணும்கறதுதான் யாருக்கும் பிடிபடல. உங்க விஷயத்துல உள்ள இருக்கிறவங்களையே கேக்கலாம்."

"அப்ப கட்டி போகாதா?"

"போகாது. கூடவே இருக்கும். நீங்களும் இருப்பீங்க."

குழந்தைவேலு மேஜையைத் தட்டினார். "உக்காருங்க தலைவரே. அவங்க பக்கத்துல உக்காருங்க. நீங்க இந்தப் பக்கம் உக்காந்தா எனக்குப் பேச்சே வராது."

நோயாளிக்குத் துணையாக வந்தவர் நோயின் தரப்பில் உட்கார்ந்தது மருத்துவ வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும். மாரப்பன் துண்டை மடியில் போட்டுக்கொண்டு, பெட்டியைப் பார்த்து, "பயப்படாதீங்கப்பா" என்றார். பிறகு நஸ்ரினிடம், "நான் இத நம்பறேன்னு நெனச்சுக்காதீங்க அம்மணி. பழக்கதோசம்" என்றார்.

பேரத்தில் அனல் பறந்தது. குழந்தைவேலு சாதுக்களுக்கு ஒரு பட்டாணி அளவு இடம் தருகிறேன் என்றார். பெட்டி இரண்டு நுரையீரலும் வேண்டும் என்றது. முதல் நாள் கோரிக்கை எப்போதுமே அப்படித்தான் இருக்கும் என்று குழந்தைவேலு நஸ்ரினுக்குக் கண்ணைக் காட்டினார். அரை மணி நேரம் போனது. வழக்கமான கட்டம் வந்தது. குழந்தைவேலு ஃபைலை மூடி, நாற்காலியைத் தள்ளி, "இப்படிப் பேசினா நிர்வாகம் வெளிநடப்புச் செய்யும்!" என்று எழுந்து விறுவிறுவென்று வராந்தாவுக்குப் போய்விட்டார்.

"சார், கட்டி உங்ககூடத்தான வருது!" என்று நஸ்ரின் பின்னாலேயே ஓடினாள். அவருக்கு மூச்சு வாங்கியது. வராந்தா பெஞ்சில் உட்காரவைத்து ஆக்சிஜன் குழாயை மாட்டினாள். கோபத்தில் வெளிநடப்புச் செய்தவர் எதிர்த்தரப்பையும் சுமந்துகொண்டு வெளிநடப்புச் செய்தது மேனேஜர்கள் யாருக்கும் கிட்டாத பெருமை. அதை அவர் இன்னும் குளக்கரையில் சொல்லிக் கொண்டாடுகிறார்.

திரும்பி உள்ளே போனபோது பெட்டி இறங்கி வந்திருந்தது. நெல்லிக்காய் அளவு இடம் போதும். பாதி மருந்து, அதுவும் சாதுக்கள் கேட்கும்போது நிறுத்திவிட வேண்டும். பதிலுக்கு, சத்தக்காரர்கள் ஒருத்தரையும் ரத்தத்தில் ஏறிக் கல்லீரலுக்குப் போக விடமாட்டோம். மாரப்பன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் வெளிநடப்புக்குப் பயந்துவிட்டார்கள் என்று குழந்தைவேலு எண்ணிக்கொண்டார். அன்று தொடங்கியதுதான் இந்த ஒப்பந்த அறிவிப்பு.

ஒப்பந்தம் நின்றது. ஸ்கேனுக்கு மேல் ஸ்கேனாக அதே நெல்லிக்காய். கல்லீரல் சுத்தம். இருமல் குறைந்து மூச்சு நீண்டது. வீட்டில்தான் ஒப்பந்தத்துக்கு அங்கீகாரம் கிடைக்கவில்லை.

"ஏனுங்க, மொத்தமா எடுத்துப்போட்டுட்டு வருவீங்கன்னு பார்த்தா, பாதிய வெச்சுக்கிட்டு வந்து பெருமை பேசறீங்க" என்றாள் அவர் மனைவி தெய்வானை. "உங்க நெஞ்சுல தலை வெச்சுப் படுக்கவே கூச்சமா இருக்குது. நடுவுல ஆரோ படுத்திருக்கறாப்புல."

"இடது பக்கம் வெச்சுக்க. அங்க ஆரும் இல்ல."

அவள் சிரிக்கவில்லை. இடது பக்கம் தலை வைத்துப் படுத்தாள். அவள் கண்ணீர் சட்டையை நனைத்தது அவருக்குத் தெரிந்தது. அவள் தலையைத் தடவிக்கொண்டு கிடந்தார். கோடிக்கணக்கான செல்களைப் பேசிக் கவிழ்த்தவர், கூடப் படுத்திருக்கிற ஒருத்தியைச் சமாதானப்படுத்த முடியாமல் கிடந்ததைக் குளக்கரையில் சொல்வதில்லை.

இந்த நேரத்தில்தான் பாதி மருந்து விவகாரத்தை விசாரிக்க நிலையத்தின் நெறிக்குழு கூடியது. பெட்டிப் பேச்சு நோயாளியின் அந்தரங்கம் என்பதால் எதையும் பதிவு செய்துவைக்கக் கூடாது என்பது விதி. அதனால் குழு, அறையில் இருந்தவர்களை நேரில் கூப்பிட்டது. குழுவின் தலைவி டாக்டர் வத்சலா, பழுத்த அறுவை நிபுணர். அவர் கத்தியைப் பார்த்தாலே கட்டிகள் தாமாகக் கழன்றுவிடும் என்று ஊரில் பேச்சு. குழந்தைவேலு புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பின்னால் தெய்வானை, நஸ்ரின், மாரப்பன் சகிதம் போனார்.

அரை மணி நேரம் அவர் அறிவித்ததை வத்சலா பொறுமையாகக் கேட்டார்.

"மிஸ்டர் குழந்தைவேலு, பெட்டி உங்க பேச்சைக் கேட்டுத்தான் மொழி கத்துக்கிச்சு. அதனால அது பேசினதெல்லாம் உங்க எதிரொலியா இருக்கலாம். எதிரொலின்னா, மருந்தைப் பாதியா குறைக்கச் சொன்னது கட்டி இல்லை, உங்க ஆசை. ஆசையை வெச்சு யாருக்கும் மருந்தளவு தீர்மானிக்க எங்களால அனுமதிக்க முடியாது."

"ஸ்கேன் சுத்தமா இருக்குதேங்க?"

"இந்த வகைக் கட்டி சில சமயம் தானே கொஞ்ச காலம் தூங்கும். நாங்க அதை நம்பி உக்கார முடியாது. நாளையிலிருந்து முழு மருந்து."

நஸ்ரினின் முகம் வெளுத்தது. முழு மருந்து என்றால் சாதுக்கள் கூண்டோடு போவார்கள். மிஞ்சுவது யார் என்று குழந்தைவேலுவுக்குத் தெரியும். கல்லீரல் எவ்வளவு தூரம் என்றும் தெரியும். முதல் தடவையாகத் தன் பக்கத்தில் இருந்த நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். அது தெய்வானையின் கை என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது. அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.

"ஒரு வழி இருக்கு மேடம்" என்றாள் நஸ்ரின். "நடுவுல சார் வெளிநடப்புச் செஞ்சார். நானும் கூடப் போயிட்டேன். அறைக்குள்ள இருந்தது இவர் மட்டும்தான்."

வத்சலா மாரப்பன் பக்கம் திரும்பினார். "நோயாளி இல்லாத நேரத்துல, அவர் வாயிலயே வராத எதையாவது அந்தப் பெட்டி பேசிச்சா?"

குழந்தைவேலு கண்ணை மூடிக்கொண்டார். மழையை ஒத்துக்கொள்ளாத மனுஷன். நேற்றுக் காலைகூட ஒன்றும் நடக்கவில்லை என்று குளக்கரையே அதிரச் சொன்னவர். தன் உயிர் போயும் போயும் இந்த வாயிலா வந்து மாட்ட வேண்டும்?

மாரப்பன் எழுந்து நின்றார். துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"அது என்கிட்டத் தனியாச் சொன்னதுங்க" என்றார். "சங்கத்து ஆளு தனியாச் சொன்னத நிர்வாகத்துகிட்டச் சொல்ற பழக்கம் எனக்கு இல்லீங்க. அதனாலதான் இத்தன நாளும் ஒண்ணும் நடக்கலைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சேன். இப்ப அவங்க உசுருக்கே ஆபத்துங்கறதால சொல்றேன்."

"யாரு உசுரு?" என்றார் வத்சலா.

"அவங்க உசுருங்க. உள்ள இருக்கறவங்க." குழந்தைவேலுவை ஓரக்கண்ணால் பார்த்தார். "இவருதும் சேத்தித்தான்."

வத்சலா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாருங்க. நான் சும்மா கேட்டேன், உங்களுக்கு என்னதான் வேணுமுன்னு. இவரு எங்ககிட்ட முப்பது வருசத்துல அந்தக் கேள்விய ஒருக்காக்கூடக் கேட்டதில்ல. எவ்வளவுக்கு முடிப்பீங்கன்னுதான் கேப்பாரு. பொட்டி, இருக்கோணும்னு சொல்லுச்சு. அவ்வளவுதான். கோசம் இல்ல, தோழர்களே இல்ல. இந்த ஆளு போயிட்டா நாங்களும் போயிருவோம், அது எங்களுக்குத் தெரியுது, சத்தம் போடறவங்களுக்குத் தெரியல, எங்களுக்குப் பயமா இருக்குதுன்னு சொல்லுச்சு. நான் சொன்னேன், நெல்லிக்காய் அளவு கேளுங்க, அதுக்கு மேல கேட்டா இவரு மறுக்கா எந்திரிச்சுப் போயிருவாருன்னு. பேசி முடிச்சது நானுங்க. இவரு வராந்தாவுல காத்து வாங்கிட்டிருந்தாரு."

வத்சலா கன்னத்தில் கைவைத்தார். "இது அவரோட எதிரொலி இல்லைன்னு எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

"பயமா இருக்குதுங்கற பேச்சு இவரு வாயில வராதுங்க. மில்ல மூடற அன்னிக்கு வாசல்ல ரெண்டாயிரம் பேரு கல்லும் கையுமா நின்னோம். இவரு தனியா நடந்து வந்து, வெயில் அதிகமா இருக்குது, மோரு குடிச்சுட்டுக் கல்லெறிங்கன்னாரு. எதிரொலின்னா அந்த ஒலி முதல்ல வேணுமில்லீங்க? இவருகிட்ட அந்தச் சரக்கே இல்ல. பொட்டி அத வேற எங்கயோ இருந்துதான் எடுத்திருக்கோணும்."

குழந்தைவேலு ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அறையில் இருந்த அத்தனை பேரும் ஓர் அறிவிப்புக்காகக் காத்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார். பக்கத்துக் கை அவர் விரல்களை இறுக்கியது.

வத்சலா மற்ற இரண்டு பேருடனும் தலையைச் சேர்த்து ஏதோ பேசினார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"எனக்குக் கதை வேண்டாம் மிஸ்டர் மாரப்பன். இவர் சொல்ற அந்தப் பேச்சுவார்த்தை நடந்துச்சா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லுங்க. ஒப்பந்தத்தைத் தொடரலாமான்னு அதை வெச்சுத்தான் எழுதப்போறேன்."

மாரப்பன் குழந்தைவேலுவைப் பார்த்தார். விளக்கெண்ணெய் குடிக்கப் போகிறவர் கரண்டியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். துண்டால் கழுத்தைத் துடைத்தார். தொண்டையைச் செருமினார். முப்பது வருஷம் அவர் தொண்டையில் நின்றிருந்த ஏதோ ஒன்று மெதுவாக அசைந்து வெளியே வந்தது.

"நடந்துச்சுங்க" என்றார். "நிர்வாகம் சொல்றது நெசம்."